யார் சொல்லி எடுத்த படம்?

ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். ஒரு பழைய கேமராவுக்கு. டிஜிட்டலும் கிடையாது, ஃபிலிம் போட்டு எடுக்கிற கேமரா. ஹாசல்பிளாட் 500 சி/எம், கூடவே 80 எம்.எம். லென்ஸ், ஃபிலிம் பெட்டி ஒன்று. வாங்குவதா வேண்டாமா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது முடிவெடுத்துவிட்டேன். அந்த முடிவுக்கு வந்த வழியில் எதிர்ப்பட்ட சில விஷயங்கள் உங்களுக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். குறிப்பாக, கேமராவோடு சேரிகளுக்குள் போய்க்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வட்டத்தில் அதுதானே முதல் கேள்வி. ஒன்பது வருடம் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தை விட்டு வந்தபோது கைக்கு வந்த பி.எஃப். பணம், இரண்டு லட்சத்துச் சொச்சம். கடன் இல்லை, நன்கொடை இல்லை.

விஷயம் தெரிந்ததும் ஒரு தோழர் கேட்டார்: "அந்தக் காசுல பத்துப் பசங்களுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டலாமே?" நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் இந்தக் கணக்கு எப்போது போடப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நம்மில் ஒருவர் பைக் வாங்கினால் யாரும் போடுவதில்லை. மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தால் போடுவதில்லை, மொய்தான் வைக்கிறார்கள். அழகாக, கொஞ்சம் ஆடம்பரமாக, வேலைக்கும் கலைக்கும் நடுவில் ஒரு பொருளை வாங்கினால் மட்டும் பத்துப் பசங்களும் ஓடி வந்து நிற்கிறார்கள். சூத்திரன் சொத்துச் சேர்க்கக் கூடாது, சண்டாளன் உடைந்த பாத்திரத்தில் உண்டு இரும்பு நகை அணிய வேண்டும் என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சொல்கிறது. அந்த அத்தியாயத்தை எரித்தவர்கள் நாம். அதன் வாசனை நம் சட்டையிலேயே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். பாபாசாகேப் தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று தாதரில் ராஜகிருகத்தையே கட்டினார். அவரிடம் யாராவது ஃபீஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார்களா தெரியாது. காட்டியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

கார்டன் பார்க்ஸ் கதையைத் தெரியாதவர்கள் தேடிப் படியுங்கள். அமெரிக்காவில் ரயில் உணவுப் பெட்டியில் பரிமாறுகிற வேலை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர். பயணி ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் பஞ்சம் பிழைக்கப் போகிற விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்த்தார். 1930களின் இறுதியில், அடகுக் கடை ஒன்றில் கிடந்த பழைய ஃபோக்ட்லேண்டர் பிரில்லியன்ட் கேமராவை வாங்கினார். அதுவும் நான் பார்த்துக்கொண்டிருந்த வகைதான்: 120 ஃபிலிம் போடுகிற, மேலிருந்து குனிந்து பார்க்கிற மீடியம் ஃபார்மட். செலவுக்கே திண்டாடும்போது கேமரா எதற்கு என்று அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். கேமராவை அவர் ஆயுதம் என்றே அழைத்தார். பின்னாளில் எழுதிய சுயசரிதைக்கும் அந்தப் பொருளிலேயே தலைப்பு வைத்தார்.

அடகுக் கடை என்றதும் என் அம்மா சொன்னது நினைவுக்கு வருகிறது. "நகையா வாங்கியிருந்தாக்கா ஒரு அவசரத்துக்கு வெக்கலாம். இத எவண்டி வெச்சிக்குவான்?" மூன்று மாதத்தில் நான் கேட்ட எதிர்ப்புகளிலேயே இதுதான் பொருளாதார ரீதியாக வலுவானது.

இனி கேமராவுக்கு வருகிறேன். விற்க முன்வந்தவர் ஓய்வுபெற்ற விளம்பரப் புகைப்படக்காரர். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு. கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "யாரும்மா யூஸ் பண்ணப் போறது?" "நான்தான் சார்." ஒரு நொடி தயங்கினார், பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். அதை அவர் கணக்கில் வரவு வைத்துவிட வேண்டும்.

பழைய மீடியம் ஃபார்மட் வாங்கப்போகிற யாருக்கும் அன்று நான் கற்றது உதவும். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கோடுகள் ஓடினால் அது பூஞ்சை; நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பாதிப் பழைய லென்ஸ்களுக்கு இது வந்திருக்கும். ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். உள்ளே எண்ணெய் இறுகிப்போயிருந்தால் ஒரு நொடி இழுத்துக்கொண்டு ஒன்றரை ஆகும். ஃபிலிம் பெட்டியின் உள்கூட்டில் மூன்று இலக்க எண் பொறித்திருப்பார்கள், வெளிக்கூட்டு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இரண்டு வெவ்வேறு பெட்டிகளை ஒட்டுப்போட்டு விற்கிறார்கள் என்று அர்த்தம். கேமரா உடம்பின் எண் இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும். 'வி எச் பிக்சர்ஸ்' என்பதன் பத்து எழுத்துக்கும் ஒன்று முதல் பூஜ்யம் வரை வரிசையாக இலக்கம் கொடுத்தால் தயாரித்த வருடம் தெரிந்துவிடும். எனக்குக் காட்டியதில் 'யு இ' என்று இருந்தது. ஏழு, ஒன்பது. 1979. என்னைவிட மூத்தது. பேட்டரி கிடையாது, எல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். ஸ்வீடன்காரர்கள் செய்ததுதான், கடிகாரம் மாதிரி இருக்கிறது.

ஏன் இதன் மேல் இவ்வளவு ஆசை? நெகட்டிவ் கிட்டத்தட்ட ஐந்தரை சென்டிமீட்டர் சதுரம். சாதாரண 35 எம்.எம். ஃபிலிமைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமான பரப்பு. சுவரளவுக்குப் பெரிதாக்கினாலும் ஒரு கிழவியின் கன்னச் சுருக்கம் சுருக்கமாகவே இருக்கும், கட்டம் கட்டமாக உடையாது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். நான் விசாரித்தவரை ரோல் ஆயிரம் ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய எண்ணூறு. ஒரு தடவை அழுத்தினால் நூற்றைம்பது ரூபாய். இரண்டு தடவை அழுத்தினால் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் யோசிக்காமல் அழுத்த முடியாது.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துப்போட்டது வேறு ஒன்று. கண்ணில் ஒட்டிவைத்துத் துப்பாக்கி மாதிரிக் குறிபார்க்கிற கேமரா இல்லை இது. வயிற்றுக்கு மேலே பிடித்துக்கொண்டு, கண்ணாடித் திரையை மேலிருந்து பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவர் முன்னால் எடுப்பவர் தலை குனிந்தாக வேண்டும். நம் தெருவுக்குள் கேமராவோடு நுழைகிற எத்தனையோ பேரை இருபது வருடமாகப் பார்த்துவிட்டேன். அவர்கள் எல்லோரையும் ஒரு தடவையாவது இப்படிக் குனிய வைக்க வேண்டும் என்ற அற்ப ஆசை எனக்கு உண்டு, மறைக்கப்போவதில்லை.

சோதனைக்கு ஒரு ரோல் எடுத்துப் பாருங்கள் என்றார் அவர். கீழே இறங்கி வளாகத்தில் நின்றேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்காவிடம், "ஒரு படம் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன். "எனக்குக் குடுப்பியா?" என்றார். கொடுப்பேன் என்றேன். "அப்ப இரு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தார். நான் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "அங்கேருந்து எடுத்தாக் குப்பைத்தொட்டி தெரியும். இந்தப் பக்கமா வா" என்று என்னை நகர்த்தினார். செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்று, "இப்ப எடு" என்றார்.

எடுத்தேன். இந்த ஹாசல்பிளாடில் அழுத்தியதும் திரை இருண்டுவிடும். உள்ளே எழும்பிய கண்ணாடி, ஃபிலிமைச் சுற்றினால்தான் கீழே இறங்கும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாது, ஆளைத்தான் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்தேன். "சரியா வந்துச்சா?" என்று வேலை வாங்கிய முதலாளி மாதிரிக் கேட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் முழுக்க அந்தத் தொனிதான் காதில் இருந்தது.

பார்க்ஸின் மிகப் புகழ்பெற்ற படமும் ஒரு தூய்மைப் பணியாளருடையதுதான். 1942, வாஷிங்டன், அரசு அலுவலகத்தைச் சுத்தம் செய்த எல்லா வாட்சன் என்ற பெண்மணி. அமெரிக்கக் கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பம், ஒரு பக்கம் தரை துடைக்கும் மாப். ஒரு நாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய படம். அவர் அதோடு நிறுத்தவில்லை, அந்த அம்மாவின் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் போய்த் தொடர்ந்து எடுத்தார். அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. ஆனால் துடைப்பம் அங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது புகைப்படக்காரர். என் அக்காவோ துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். இயக்கத்துக்காரியான என் கைக்கு முதல் வகைப் படம்தான் வேண்டியிருந்தது. கோட்டையும் தொட்டியையும் சேர்த்து எடுத்திருந்தால் எந்தக் கண்காட்சியிலும் மாட்டலாம். அவர் கேட்டது இரண்டாவது வகை.

நம் ஜனங்களைப் படம் எடுத்த வரலாறு முழுக்க முதல் வகைதான், அதிலும் பார்க்ஸிடம் இருந்த அன்பு இல்லாத வகை. 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்று எட்டுத் தொகுதிகள் போட்டது. ஒவ்வொரு சாதிக்கும் பழங்குடிக்கும் படம், பக்கத்திலேயே அவர்கள் குணம் இன்னது என்று ஒரு குறிப்பு. 1876–78 பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் மக்கள் எலும்பும் தோலுமாகச் செத்துக்கொண்டிருந்தபோது ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அவர்களைக் குழுவாக உட்கார வைத்து, சட்டகத்துக்குள் ஒழுங்காக அடுக்கிப் படமெடுத்தார். அந்தக் காலத்திலேயே அதற்காகக் கண்டிக்கப்பட்டார். 1909இல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர் அவர், மூக்கை அளந்து சாதியைப் பட்டியலிட்டவர். இந்தப் படங்களில் உள்ள யாரும் "இப்ப எடு" என்று சொன்னவர்கள் இல்லை.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்று நகர்ந்துவிட முடியாது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் எல்லாத் தளங்களிலும் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கும்பலாக நிற்க வைத்து எடுக்கிறார்கள். அதில் எங்கள் தெருப் பெண்கள் சிலரை எத்தனை நூறு தடவை எடுத்திருப்பார்கள்! ஒன்றாவது அவர்கள் கையில் இருக்கிறதா? எங்கள் ஆயா செத்தபோது கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வீட்டில் இருந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருந்தது. தபால்தலை அளவுப் படத்தை ஆளுயரத்துக்கு இழுத்தார்கள். மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் தெளிவாக இருந்தது. கீழ்வெண்மணி நினைவிடத்தில் நாற்பத்து நான்கு பெயர்களையும் படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. உண்மை அறியும் குழுவோடு போகும்போது இந்த மாதிரிக் கேமராவை யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். அங்கே செல்போன்தான் சரி. தேதி, நேரம், இடம் எல்லாம் கோப்பிலேயே பதிவாகும். எடுத்த போனை மாற்றாமல், அசல் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பிக் கெடுக்காமல் வைத்திருங்கள். முன்பு 65-பி என்று சொல்லிவந்த மின்னணுச் சான்றிதழ் இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 63ஆவது பிரிவு. எரிந்த குடிசைக்கு அழகான நெகட்டிவ் தேவையில்லை. நான் பேசுவது குடிசை எரிவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய படங்களைப் பற்றி.

எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் ஒரு நல்ல படம் இருந்தது. எழுபதுகளில் மதுராந்தகத்தில் ஒரு ஸ்டுடியோவில் தாத்தாவும் ஆயாவும் எடுத்துக்கொண்டது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கால்மேல் கால் போட்டு. ஊர்த் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த மனிதர். கையில் கட்டியிருந்த கடிகாரம் ஸ்டுடியோக்காரருடையது, தோளில் போட்டிருந்த கோட்டும்தான். பின்னால் திரையில் மாளிகைப் படிக்கட்டு. ஆயா அவர் தோளில் கை வைத்திருக்கும், வீட்டில் ஒரு நாளும் அப்படி வைத்துப் பார்த்ததில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் படம் போய்விட்டது. சட்டத்துக்குள் தண்ணீர் ஏறி, முகம் இரண்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். இப்போது ஜெராக்ஸ் கடை. பழைய உரிமையாளர் பின்கட்டில் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டேன். "தொண்ணூறுகள்லயே போட்டாச்சும்மா. வெள்ளி எடுக்கறவங்க கிலோ கணக்குல வாங்கிட்டுப் போனாங்க" என்றார். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக இருப்பதே வெள்ளிதான். உருக்கினால் காசு. ஒரு வட்டாரத்தின் முகங்கள் அப்படி எடைக்குப் போயிருக்கின்றன. நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

அவர் பேசிக்கொண்டே போனார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்தில் 'இந்து' ஃபிலிமும் பேப்பரும் வாங்கியது, 1967இல் உற்பத்தி தொடங்கிய அந்த அரசு ஆலை இப்போது மூடிக் கிடப்பது, பொங்கலுக்கு வாசலில் கூட்டம் நின்றது. "எங்க ஜனங்களும் வருவாங்களா?" என்று கேட்டேன். "வராம? காசு குடுத்தா அதே நாற்காலிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "கூட்டம் இருந்தா அவங்கள கடைசியாதான் எடுப்பேன். அப்ப அப்படித்தான்" என்றார். கடைசியாக என்றாலும் அதே நாற்காலி. ஊரில் திண்ணை ஏற முடியாதவர்கள் காசைக் கொடுத்து, "எங்களை எடு" என்று சொல்லி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த இடம் அது. தாத்தா அங்கே ஒரு வாடிக்கையாளர்.

சட்டமும் இதையே வேறு மொழியில் சொல்கிறது என்று வழக்கறிஞர் தோழர் ஒருவர் காட்டினார். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு. பொதுவாக ஒரு புகைப்படத்துக்கு முதல் உரிமை எடுத்தவருக்கு. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணமோ பணமதிப்புள்ள வேறு ஏதோ பெற்றுக்கொண்டு எடுத்த படம் என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை கேட்டவருக்கு. இலவசமாகச் சேவை செய்கிறேன் என்று நான் போய் எடுத்தால் உரிமையாளர் நான். அவர் காசைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் உரிமையாளர் அவர். நம் சேவை மனப்பான்மை எவ்வளவு சுலபமாக நம்மை முதலாளி ஆக்கிவிடுகிறது பாருங்கள். எத்தனை சேரிகளில் எத்தனை தொண்டு நிறுவனங்கள் இலவசமாக எடுத்துத் தள்ளியிருக்கின்றன. ஆண்டறிக்கையில் அட்டைப்படமாக வந்த குழந்தைக்கு ஒரு பிரதியாவது போயிருக்குமா?

அந்தப் பிரிவைப் படித்த பிறகு ஹாசல்பிளாட் கேள்வியே உருமாறிவிட்டது. பெரியவர் கிளம்பும்போது அலமாரியைத் திறந்து தன் யாஷிகா மேட் 124 ஜி-யை எடுத்துக் காட்டினார். இரண்டு கண் கேமரா, மேல் கண்ணால் பார்ப்பது, கீழ்க் கண்ணால் எடுப்பது. அதே 120 ஃபிலிம், அதே சதுர நெகட்டிவ், அதே பன்னிரண்டு படம், அதே குனிந்த தலை. அழுத்தினாலும் திரை இருளாது. ஒளிமானி செத்துவிட்டது, அதற்கான பாதரச பேட்டரியை இப்போது யாரும் விற்பதில்லை. செல்போன் செயலி போதும். பதினெட்டாயிரம் கேட்டார். அதிலும் ஒரு ரோல் எடுத்தேன், இரண்டையும் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பிரிண்ட் போட்டு அருகருகே வைத்தேன். ஹாசல்பிளாடின் ப்ளானர் லென்ஸ் மேலானதுதான். மூலைகளில் தெரிகிறது, வெயில் எதிரே அடிக்கும்போது இன்னும் தெரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். இரண்டையும் பார்த்துவிட்டு, "இது யாரு, செவப்பா அழகா இருக்கா?" என்று அந்த அக்காவைப் பற்றிக் கேட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பை எங்கே பார்த்தார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அப்படியென்றால் ஹாசல்பிளாடில் யாஷிகாவில் இல்லாதது என்ன? லென்ஸை மாற்றலாம். ரோல் பாதியில் இருக்கும்போதே ஃபிலிம் பெட்டியை மாற்றலாம். அப்புறம் அந்தப் பெயர். பெயரை அலட்சியமாகச் சொல்லவில்லை. கேலரிகளிலும் நல்கைக் குழுக்களிலும் உட்கார்ந்திருப்பவர்களிடம் அந்தப் பெயர் ஒரு பூணூல் மாதிரி வேலை செய்யும், நம் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கதவு திறக்க வேண்டியிருக்கிறது. வாடிப்பட்டியிலிருந்து வந்து, தன் குடும்பத்தையே பல வருடம் படமெடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோன ஜெய்சிங் நாகேஸ்வரனும், 'கக்கூஸ்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, தூய்மைப் பணியாளர்களைத் தொடர்ந்து எடுத்துவரும் பழனிக்குமாரும் அந்தக் கதவுகளைத் தங்கள் வேலையால் தள்ளித் திறந்தவர்கள். எல்லோருக்கும் அவ்வளவு தெம்பு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். காசும் ஆசையும் உள்ள தலித் இளைஞர் ஒருவர் நாளை ஹாசல்பிளாட் வாங்கினால் அவரை நான் பத்துப் பசங்கள் கணக்கு கேட்க மாட்டேன். எடுத்து ஒரு தடவை கையில் கொடுங்கள், அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்பேன்.

நான் வாங்கவில்லை. சிக்கனம் காரணமில்லை, அதே பணம் முழுவதும் செலவாகப் போகிறது. கணக்கு இதுதான். யாஷிகா பதினெட்டாயிரம், சர்வீஸுக்கு நாலாயிரம். ஒருவருக்கு மூன்று தடவை அழுத்தினால் நானூற்றைம்பது, சட்டம் போட்ட பன்னிரண்டு அங்குலப் பிரிண்ட் ஒன்று ஐநூறு. எங்கள் சேரியில் நூற்று நாற்பது வீடு. வீட்டுக்கு ஒரு படம் என்றால் ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம். மீதிப் பதினைந்தாயிரத்தில் நெகட்டிவ் உறைகள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை, இரும்புப் பெட்டி. கழுவுவதை வீட்டிலேயே செய்தால் இன்னும் மிஞ்சும், பெரியவர் சொல்லித்தருகிறேன் என்றிருக்கிறார். மருந்துக் கலவை 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் சித்திரையில் 30 டிகிரி. பக்கெட்டில் ஐஸ் கட்டி போட்டு அதற்குள் டேங்கை வைக்க வேண்டுமாம், மீன்காரர் மாதிரி.

ஒவ்வொரு வீட்டிலும் பத்து ரூபாய் வாங்குவேன். வாங்கியதற்குச் சீட்டுக் கொடுப்பேன். யார் சொல்லி, என்ன தேதியில், யாரை எடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். எங்கும் வெளியிட வேண்டுமென்றால் அவர்களைக் கேட்க வேண்டும், மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

நெகட்டிவ்களை எங்கே வைப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. அம்பேத்கர் படிப்பகத்தில் என்றேன். மழைக்கு ஒழுகுகிறது, தவிர அதன் சாவி ஆண்கள் கையில் இருக்கிறது. என் வீட்டில் என்றால் நான் செத்த பிறகு எடைக்குப் போகும். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டது எல்லோரையும் வாயடைத்தது: "நாளைக்கு நான் வேற சாதிக்காரனக் கட்டிக்கிட்டு ஓடிப்போனா, எங்களத் தேடி வர்றவன் கையில இந்தப் படம் கிடைக்காதுன்னு யாரு ஜவாப்தாரி?" கேட்டால் அவரவர் நெகட்டிவை வெட்டிக் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று அன்று பேசியிருக்கிறோம். பூட்டும் சாவியும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இதில் அனுபவம் உள்ள ஆவணக்காப்பகத் தோழர்கள் எழுதுங்கள்.

விளம்பரப் புகைப்படக்காரருக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டேன், அக்காவின் படத்தைச் சட்டம் போட்டு அவர் வேலை செய்யும் வளாகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எங்கள் தெருவில் இதுவரை முப்பத்தொரு பேர் பத்து ரூபாய் கட்டியிருக்கிறார்கள். பறை அடிக்கும் பெரியப்பாவிடம் பறையோடு எடுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டேன். "அது வேலைக்கும்மா. நான் பேத்தியோட லேப்டாப்ப மடியில வெச்சிக்கறேன்" என்றுவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரே படம் கேட்கிறார்கள், ஐந்து பிரதியோடு, ஒரே மாதிரிப் புடவையில். புடவை இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் ரோல். வெயில் ஏறுவதற்குள் நான்கு வீடுதான் முடியும். யார் வீட்டில் தொடங்குவது என்பதில் தகராறு நடந்துகொண்டிருக்கிறது.